குளிர்மலைக்கு லேசான தூவிப் பை: பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் ஸ்லீப்பிங் பேக்கின் மேல் மைனஸ் 7 என்று அச்சிட்டிருந்தது. அன்றிரவு குளிர் மைனஸ் 5 டிகிரியோடு நின்றது. இருந்தும் இரவு ஒரு மணிக்கு மேல் எனக்குத் தூக்கமே இல்லை. முதுகு சில்லிட்டது, பாதம் மரத்தது. கைவசம் இருந்த துணியை எல்லாம் போட்டுக்கொண்டு விடியும்வரை சுருண்டு கிடந்தேன். மறுநாள் ஏற வேண்டிய கணவாயைத் தொடாமலே திரும்பினேன். பையில் குறை எதுவும் இல்லை, அதில் எழுதியிருந்ததும் பொய் இல்லை. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரியாமல், எடை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து வாங்கியிருந்தேன்.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தை விடாமல் படித்து, பல பைகளுக்குள் படுத்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இது. ஒரு ஸ்லீப்பிங் பேக்கில் எடையைக் குறைக்கப் பல இடங்கள் உண்டு: ஜிப், மேல்துணி, நீளம், அகலம். உள்ளே அடைத்திருக்கும் தூவியின் அளவில் மட்டும் கை வைக்கக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கண்ணோடுதான் எழுதியிருக்கிறேன்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். கடைகளில் டவுன் என்று சொல்வது, வாத்து, கூஸ் போன்ற நீர்ப்பறவைகளின் இறகுக்கு அடியில் நெஞ்சோடு ஒட்டி வளரும் மென்மயிர். தமிழில் அதற்குத் தூவி என்ற அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது. சங்கப் பாட்டிலேயே அன்னத்தின் தூவி இட்ட படுக்கை வருகிறது. இறகுக்கு இருப்பது போன்ற தண்டு தூவிக்கு இல்லை. ஒரு நடுப்புள்ளியிலிருந்து நாலாபக்கமும் நுண்ணிய இழைகள் பிரிந்து பூப்போல விரியும். அந்த இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் நம்மைக் காக்கிறது. பை தானாகச் சூடு தருவதில்லை. நம் உடல் தரும் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு ஜார்ஜ் ஃபின்ச் பலூன் துணிக்குள் ஈடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். நூறாண்டு கடந்த பிறகும், தோளில் சுமந்து போகும் பைக்கு எடைக்கு எடை இதைவிட நல்ல அடைப்பு சந்தைக்கு வரவில்லை.

முதல் படி: இரவு எவ்வளவு குளிரும்?

பையைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் படுக்கப்போகும் இடத்தின் இரவுக் குளிரைக் கணக்கிடுங்கள். வானிலை அறிக்கை பெரும்பாலும் அடிவாரத்து ஊருக்குத்தான் கிடைக்கும். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். 1500 மீட்டரில் இருக்கும் ஊரில் இரவு 4 டிகிரி என்றால், 3500 மீட்டரில் போடும் கூடாரத்தில் சுமார் மைனஸ் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் தொடக்கம். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நிற்கும். ஓடைக்கரையில் சமதளம் கிடைத்துவிட்டது என்று கூடாரம் போட்டவர்கள், கொஞ்சம் மேலே திட்டில் படுத்தவர்களைவிட அதிகம் நடுங்குவது இதனால்தான். மேகமில்லாத இரவில் தரை வேகமாகச் சூட்டை இழக்கும். மிகக் குளிரான நேரம் நள்ளிரவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது விடியலை ஒட்டி வரும்.

கிடைத்த எண்ணிலிருந்து இன்னும் 5 டிகிரி கீழே போங்கள். பசி, களைப்பு, உயரத்துக்கு உடல் பழகாத நிலை, சரியாகத் தண்ணீர் குடிக்காதது ஆகிய எல்லாமே நாம் குளிரைத் தாங்கும் அளவைக் குறைக்கும். நாள் முழுக்க ஏறிவிட்டு, அரைகுறையாகச் சாப்பிட்டுப் படுக்கும் உடல் வீட்டுக் கட்டிலில் படுக்கும் உடல் இல்லை.

இரண்டாம் படி: லேபிளில் எந்த எண்?

நான் ஏமாந்த இடம் இதுதான். இன்று பெரிய நிறுவனங்களின் பைகள் ஐஎஸ்ஓ 23537 என்ற தரத்தின்படி சோதிக்கப்படுகின்றன. அதற்கு முன் ஐரோப்பாவில் ஈஎன் 13537 இருந்தது, பழைய பைகளில் அந்தப் பெயரைக் காணலாம். சூடேற்றிய மனிதப் பொம்மை ஒன்றுக்கு உள்ளாடையும் நீளமான காலுறையும் போட்டு, பைக்கு அடியில் விரிக்கும் நல்ல மேட் ஒன்றின் மேல் பைக்குள் படுக்க வைத்துக் குளிரறையில் அளக்கிறார்கள். அதிலிருந்து மூன்று எண்கள் வருகின்றன.

கம்ஃபர்ட்: ஒரு சராசரிப் பெண் உடலைத் தளர்த்திப் படுத்து, குளிரை உணராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை.

லிமிட்: ஒரு சராசரி ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு, நடுக்கம் தொடங்கும் விளிம்பில் எட்டு மணி நேரம் சமாளிக்கக்கூடிய வெப்பநிலை.

எக்ஸ்ட்ரீம்: ஒரு சராசரிப் பெண் ஆறு மணி நேரம் உயிர் பிழைத்திருக்கக்கூடிய வெப்பநிலை. உறைபுண் வரலாம். இதை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

பையின் பெயரிலேயே ஒட்டியிருக்கும் எண் பெரும்பாலும் லிமிட். என் மைனஸ் 7 அதுதான். அதே பையின் கம்ஃபர்ட் மைனஸ் 1. ஆகவே நான் மைனஸ் 5 டிகிரி இரவில், சுருண்டு சமாளிக்கும் நிலைக்கு மிக அருகில்தான் படுத்திருந்தேன். கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் இடையே பொதுவாக 5, 6 டிகிரி வித்தியாசம் இருக்கும். குளிர் கூடக்கூட அது இன்னும் விரியும்.

என் பரிந்துரை எளிது. ஆணோ பெண்ணோ, முதல் படியில் கிடைத்த எண்ணைக் கம்ஃபர்ட்டோடு பொருத்துங்கள். எளிதில் குளிரை உணராதவர் என்று பல இரவுகளின் அனுபவத்தில் உங்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்தால், கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் நடுவில் நிற்கலாம். அதற்குக் கீழே போக வேண்டாம்.

சோதனை எண்ணே இல்லாத பைகளும் உண்டு. சிறிய பட்டறைகளில் கையால் தைத்துத் தருபவர்கள் பலர் இந்தச் சோதனைக்குச் செலவு செய்வதில்லை. கடுங்குளிர்ப் பயணங்களுக்கான கனமான பைகள் இந்தத் தரத்தின் எல்லைக்குள் வருவதே இல்லை. அப்போது எதைப் பார்ப்பது என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: கீழே என்ன விரிக்கிறீர்கள்?

பையைப் பற்றிய கட்டுரையில் மேட் எதற்கு என்று தோன்றலாம். உடலுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் தூவியில் காற்று இருக்காது, காற்று இல்லாத இடத்தில் காப்பும் இருக்காது. உங்கள் முதுகைக் காப்பது ஏறத்தாழ முழுவதும் மேட்தான். சோதனைக்கூடத்து எண்ணும் நல்ல மேட்டின் மேல் கிடைத்த எண் என்பதை மறக்காதீர்கள். மெல்லிய ஃபோம் ஒன்றின் மேல் படுத்துக்கொண்டு அந்த எண்ணை எதிர்பார்த்தேன், அது என் இரண்டாவது தவறு.

மேட்டின் காப்புத்திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 2018-இல் வந்த ஏஎஸ்டிஎம் எஃப்3340 தரத்தின்படி அளந்திருந்தால் வெவ்வேறு நிறுவனங்களின் எண்களை நேரடியாக ஒப்பிடலாம். சாதாரண மூடிய செல் ஃபோம் மேட் ஒன்று சுமார் 2 இருக்கும். உறைநிலையை ஒட்டிய இரவுக்கு 4, பனித்தரையில் படுக்க 5-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்மேல் ஒன்று விரித்தால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஃபோம் 2, காற்றடைக்கும் மேட் 3 என்றால் மொத்தம் 5. காற்று மேட் நடுவழியில் ஓட்டையானாலும் ஃபோம் கைகொடுக்கும் என்பதால் குளிர்காலத்தில் நான் இந்த ஜோடியைத்தான் எடுத்துப் போகிறேன்.

நான்காம் படி: தூவியின் தரமும் எடையும்

விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது ஃபில் பவர்: 650, 800, 900, 950. இது தரத்தைச் சொல்லும் எண். ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி, சோதனைக் குழாயில் முழுதாக விரிந்தால் எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதே அது. 800 என்றால் அந்த 28 கிராம் சுமார் 13 லிட்டர் இடத்தை நிரப்பும். எண் கூடினால் அதே சூட்டுக்குக் குறைந்த எடை போதும்.

ஆனால் ஃபில் பவர் மட்டும் பையின் சூட்டைச் சொல்லாது. 950 தரத் தூவியை 250 கிராம் அடைத்த பையைவிட, 750 தரத்தில் 450 கிராம் அடைத்த பை நிச்சயம் அதிகச் சூடு தரும். ஆகவே இரண்டு எண்களையும் கேளுங்கள்: ஃபில் பவர் எவ்வளவு, அடைத்த தூவி எத்தனை கிராம். இரண்டாவதைச் சொல்லாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

இரண்டையும் பெருக்கினால் பைகளை ஒப்பிட ஒரு அளவுகோல் கிடைக்கும். 450 கிராம் 800 தரத் தூவியை எடுத்துக்கொள்வோம். அதே கன அளவுக்கு 600 தரத்தில் 600 கிராம் வேண்டும். 900 தரத்தில் 400 கிராம் போதும். 600-இலிருந்து 800-க்குப் போனால் 150 கிராம் மிச்சம், 800-இலிருந்து 900-க்குப் போனால் 50 கிராம்தான் மிச்சம். விலையோ இந்தக் கடைசிப் படியில்தான் எகிறும். 800 முதல் 850 வரை உள்ள தரமே பெரும்பாலோருக்குச் சரியான இடம் என்று நான் நினைப்பது இதனால்தான். மிச்சமாகும் பணத்தில் நல்ல மேட் வாங்குங்கள். 900-க்கு மேற்பட்ட தூவி ஈரம் பட்டால் சட்டென்று சுருங்குவதாகவும் பலர் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான்.

சோதனை எண் இல்லாத பைக்கு என்ன செய்வது? 850 தரத் தூவி, தலை முதல் கால் வரை உடலை ஒட்டி மூடும் ஒடுக்கமான மம்மி வடிவம், நடுத்தர நீளம் என்று வைத்துக்கொண்டால் தோராயமான கணக்கு இது: லிமிட் மைனஸ் 7-க்குச் சுமார் 450 கிராம், மைனஸ் 12-க்குச் சுமார் 570 கிராம், மைனஸ் 18-க்குச் சுமார் 750 கிராம் தூவி. யாராவது 300 கிராம் தூவியோடு மைனஸ் 12 என்று விற்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். மைனஸ் 7-க்கான நல்ல பை மொத்தம் 800 கிராம் அளவில் கிடைக்கும், அதில் பாதிக்கு மேல் தூவியாக இருக்கும். மொத்த எடையில் தூவியின் பங்கு பாதிக்கும் கீழே போனால், நீங்கள் துணியையும் ஜிப்பையும்தான் சுமக்கிறீர்கள்.

கூஸ் தூவியா, வாத்துத் தூவியா என்ற கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. கூஸ் பெரிய பறவை, அதன் தூவிப் பூவும் பெரிது. மிக உயர்ந்த ஃபில் பவர் பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது. எண் ஒன்றாக இருந்தால் எந்தப் பறவை என்பது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பறவை எப்படி வளர்ந்தது என்பது எனக்குப் பெரிய விஷயம். உயிரோடு இருக்கும்போது பிடுங்கிய தூவியும், குழாய் வழியே திணித்து வளர்த்த பறவையின் தூவியும் இல்லை என்று உறுதி தரும் ஆர்டிஎஸ் முத்திரையைத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: மம்மியா, க்வில்டா?

முதுகுக்கு அடியில் நசுங்கும் தூவியால் பயனில்லை என்றால் அந்தப் பகுதியையே வெட்டிவிடலாமே என்ற எண்ணத்தில் பிறந்தது க்வில்ட். அடிப்பக்கமும், தலையை மூடும் ஹூடும் இல்லாத இதை வார்களால் மேட்டோடு கட்டிக்கொள்ள வேண்டும். அதே தூவிக்கு 150, 200 கிராம் வரை மிச்சம். உறைநிலையை ஒட்டிய இரவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் குளிர் மைனஸ் 5-க்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் குளிர்காற்று நுழையும். தலைக்குத் தனியாகக் கனமான தூவித் தொப்பி வேண்டும், சுமப்பதில் மிச்சமான எடையில் ஒரு பகுதி அங்கே போய்விடும். இரவில் அதிகம் புரள்பவராக இருந்தால் குளிர்காலத்துக்கு மம்மியே வாங்குங்கள். மல்லாந்து அசையாமல் தூங்குபவர் க்வில்டை இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோகலாம்.

ஆறாம் படி: தையலைப் பாருங்கள்

தூவி ஒரே பக்கமாகச் சரியாமல் இருக்கப் பை சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மேல்துணியையும் உள்துணியையும் நேரடியாகச் சேர்த்துத் தைத்திருந்தால், ஒவ்வொரு தையல் கோட்டிலும் தூவியே இருக்காது, அந்தக் கோடு வழியே சூடு வெளியேறும். கோடைப் பைக்கு அது போதும். குளிருக்கு, இரு துணிகளுக்கும் நடுவே வலைத்துணிச் சுவர் வைத்துத் தைத்த பெட்டி அறைகள் கட்டாயம் வேண்டும். இதை பாக்ஸ் பாஃபிள் என்பார்கள்.

கழுத்தைச் சுற்றி, தூவி அடைத்த தனி வளையம் இருக்கிறதா? உறைநிலைக்குக் கீழே போகும் பையில் இது இல்லாவிட்டால் நான் திருப்பி வைத்துவிடுவேன். நீங்கள் புரளும்போது பைக்குள் இருக்கும் சூடான காற்று கழுத்து வழியாகத்தான் தப்பிக்கிறது. சில பைகளில் 50 கிராமைக் குறைப்பதற்காக இந்த வளையத்தை எடுத்துவிடுகிறார்கள், தவறான இடத்தில் பிடித்த சிக்கனம் அது. ஜிப்பின் உட்புறம் முழுக்கத் தடிமனான தூவிக் குழாய் ஓட வேண்டும். ஹூடின் கயிற்றை இழுத்து மூடினால் மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிய வேண்டும். பாதப் பகுதி தட்டையாக இல்லாமல், பாதம் நிமிர்ந்து நிற்க இடம் விட்டுப் பெட்டி போலத் தைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் விரல் நுனி தூவியை நசுக்கி, அங்கே முதலில் குளிரும்.

ஏழாம் படி: உங்கள் உடலுக்குச் சரியான அளவு

தளர்வான பைக்குள் வெற்றுக் காற்று அதிகம், அதையும் உங்கள் உடல்தான் சூடாக்க வேண்டும். மிக இறுக்கமான பையில் தோளும் முட்டியும் தூவியை உள்ளிருந்து நசுக்கும். மெலிந்தவர்களுக்குத் தோள் சுற்றளவு 150 சென்டிமீட்டர் அளவில் போதும், அகன்ற தோளுக்கு 160-க்கு மேல் பாருங்கள். குளிர்காலத்தில் தூவி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே படுப்பீர்கள் என்றால், அதைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். நீளம் உங்கள் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும். பேட்டரி, தண்ணீர் வடிகட்டி, ஈரமான கையுறை எல்லாம் உறையாமல் இருக்க இரவில் பைக்குள்தான் வர வேண்டும்.

எட்டாம் படி: எடையைக் குறைக்க வேண்டிய இடங்கள்

இப்போது கத்தரிக்கோலை எடுக்கலாம். முழுநீள ஜிப்புக்குப் பதில் அரை நீள ஜிப் வாங்கினால் ஜிப்பும் அதன் தூவிக் குழாயும் சேர்ந்து கணிசமான எடை குறையும், காற்று நுழையும் வழியும் குறையும். குளிர்காலத்தில் காலைத் திறந்து காற்று வாங்கும் தேவை இருக்காது.

மேல்துணியின் நூலை டினியரால் அளப்பார்கள். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டினியர். 10 டினியர் நைலான் கைக்குக் காகிதம் போலத் தெரிந்தாலும், கூடாரத்துக்குள் கவனமாகப் பயன்படுத்துபவருக்குப் பல ஆண்டுகள் வரும். 7 டினியர் இன்னும் லேசு, ஆனால் கல் உரசினாலோ ஜிப்பில் சிக்கினாலோ கிழியும். கூடாரமில்லாமல் திறந்த வெளியில் படுப்பவர்கள் 15 அல்லது 20 பக்கம் போகலாம். உள்துணி கறுப்பாக இருந்தால் பகலில் உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடும்போது சீக்கிரம் உலரும். சிறிய விஷயம்தான், பல நாள் பயணத்தில் அருமை தெரியும்.

பையோடு வரும் வார்கள் வைத்த அழுத்தப் பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தண்ணீர் புகாத லேசான உறை ஒன்றில் தளர்வாகத் திணித்து முதுகுப்பையின் அடியில் வைத்தால் மூலை முடுக்கெல்லாம் நிரப்பிக்கொள்ளும். தூவியும் தேவைக்கு மேல் நசுங்காது.

ஒன்பதாம் படி: ஈரத்துக்கு என்ன ஏற்பாடு?

தூவியின் ஒரே பெரிய பகை ஈரம். நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடிக்காது. மழையைவிட நம் உடலின் ஈரமே மெதுவாக, ஓசையில்லாமல் இந்த வேலையைச் செய்யும். தோலிலிருந்து எழும் நீராவி தூவிக்குள் போய், வெளிப்பக்கக் குளிரில் நீராகவோ பனியாகவோ படியும். ஒரு இரவில் தெரியாது. வெயில் இல்லாத நான்கைந்து நாள் தொடர்ந்து போனால் பை கனத்து, மெலிந்து கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நீரை ஒட்டவிடாத பூச்சு கொடுத்த தூவி இப்போது நிறைய வருகிறது. அது ஈரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், வேகமாகவும் உலரும். ஆனால் அதை நம்பி அலட்சியமாக இருக்க முடியாது. என் பார்வையில் அது இருந்தால் நல்லது, அதற்காகத் தூவியின் எடையை விட்டுக்கொடுக்க வேண்டாம். நீண்ட குளிர்ப் பயணத்துக்கு இதைவிடப் பலன் தருவது, பையின் மேல் மெல்லிய சிந்தெடிக் க்வில்ட் ஒன்றைப் போர்த்துவது. ஈரம் படியும் இடம் அப்போது வெளியே தள்ளிப்போய் சிந்தெடிக் அடுக்கில் விழும், தூவி காய்ந்தே இருக்கும். மேலே போர்த்துவது அகலமாக இருக்கட்டும், தூவியை அழுத்தக் கூடாது.

இன்னொன்று: எவ்வளவு குளிர்ந்தாலும் முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சு விடாதீர்கள். மூச்சில் வரும் ஈரம் முழுக்கத் தூவிக்குள் போகும். மூக்கை மெல்லிய கழுத்துத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: கையில் வந்ததும் சோதியுங்கள்

பையை விரித்து, உதறி, சில மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு ஒரு அளவுகோலை வைத்து மேல் அடுக்கின் தடிமனைப் பாருங்கள். மைனஸ் 7-க்கான பையில் மேல் அடுக்கு மட்டும் சுமார் 6 சென்டிமீட்டர், மைனஸ் 18-க்கு சுமார் 9 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தூவி இல்லாத இடங்கள் வெளிச்சமாகத் தெரியும். ஒன்றிரண்டு இடங்களைக் கையால் தட்டிச் சரிசெய்யலாம், அறை அறையாகக் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சொந்தத் தராசில் எடை போடுங்கள், உறை இல்லாமல். இருட்டில், கையுறையோடு, ஹூடை மூடிய நிலையில் உள்ளிருந்து ஜிப்பைத் திறந்து பாருங்கள். நடுங்கும்போதோ, நடு இரவில் வெளியே போக வேண்டியபோதோ அது துணியைக் கடிக்காமல் ஓட வேண்டும்.

அப்புறம், முதல் இரவை நெடும்பயணத்தில் வைக்காதீர்கள். எழுந்து வந்துவிடக்கூடிய தூரத்தில், குளிரான ஓர் இரவில், பயணத்தில் எடுத்துப் போகும் அதே மேட்டின் மேல் படுத்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, எந்த இடம் குளிர்ந்தது, அப்போது வெப்பநிலை என்ன என்று குறித்து வையுங்கள். முதுகு குளிர்ந்தால் மேட்டை மாற்ற வேண்டும். மேல்பக்கமும் காலும் குளிர்ந்தால் தூவி போதவில்லை. பல சிறிய தயாரிப்பாளர்கள் கேட்டால் 30 முதல் 60 கிராம் வரை கூடுதல் தூவி அடைத்துத் தருகிறார்கள். மொத்தப் பையை மாற்றுவதைவிட மலிவான வழி அது, அந்த எடையைச் சுமப்பதற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

வீடு திரும்பியதும் பையை முழுக்க உலர்த்தி, பெரிய பருத்தி உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள் அல்லது கொடியில் தொங்கவிடுங்கள். நசுக்கியே மாதக்கணக்கில் வைத்தால் தூவி எழும்பும் தன்மையை இழக்கும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, பை மெலிந்து தெரிந்தால் தூவிக்கென்று விற்கும் சோப்பில் துவையுங்கள். நனைந்த பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்காதீர்கள், உள்சுவர்கள் கிழிந்துவிடும். இரு கையாலும் அடியில் தாங்கி எடுத்து, உலர்த்தும் இயந்திரத்தில் மிகக் குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளைச் சேர்த்துப் போட்டு, கட்டி ஒன்றுகூடக் கையில் தட்டுப்படாமல் போகும்வரை ஓட்டுங்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம்.